சூனியக்காரி என்னும் பழி

சாவு நேர்ந்த வீட்டில் அழுகை ஓய்ந்ததும் ஒரு வினா பிறக்கிறது. "இது ஏன் எங்களுக்கு நேர்ந்தது?" என்று கேட்பது மனித இயல்பு. நேர்மையாளராகிய யோபுவும் அவ்வாறே கேட்டார். இறைவன் அவரைக் கடிந்து தள்ளிவிடவில்லை. ஆனால் உலகின் பல பகுதிகளில், 'ஏன்?' என்று தொடங்கிய அவ்வினா சில நாள்களுக்குள் 'யார்?' என்று திரிந்து விடுகிறது. "என் மகன் ஏன் இறந்தான்?" என்று புலம்பிய தந்தை, "என் மகனைக் கொன்றவர் யார்?" என்று கேட்கத் தொடங்குகின்றார். அன்றே அவ்வூரில் ஓர் ஏழைப் பெண்ணின் உயிருக்குக் கேடு வந்துவிட்டது எனலாம்.

இது பழங்காலக் கதையன்று. பாப்புவா நியூகினி நாட்டின் மவுண்ட் ஹேகன் நகரில், 2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இளந்தாய் ஒருத்தி சிறுவன் ஒருவனின் சாவுக்குக் காரணமான சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்டு, பட்டப்பகலில் பெருங்கூட்டத்தின் கண்முன்னே உயிரோடு எரிக்கப்பட்டாள். அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் என்பதை நாம் வேதனையோடு நினைவுகூர வேண்டும். நம் பாரத நாட்டிலும், ஜார்க்கண்டு மாநிலத்தின் ராஞ்சி மாவட்டத்தில், 2015 ஆகஸ்டில் ஒரே இரவில் ஐந்து பெண்கள் தங்கள் இல்லங்களினின்று இழுத்துவரப்பட்டு, ஊராராலேயே அடித்துக் கொல்லப்பட்டனர். மாந்திரீகத்தைக் காரணமாகக் கொண்டு 2022-இல் மட்டும் நாட்டில் 85 கொலைகள் நிகழ்ந்ததாக தேசியக் குற்றப் பதிவு அலுவலகம் கணக்குக் காட்டுகிறது. ஊர்விலக்கு, அவமானம், அடி, உதை ஆகியவை இக்கணக்கில் சேரா.

'இவர்கள் படிப்பறிவில்லாதவர்கள், அதனால் இவ்வாறு செய்கிறார்கள்' என்று கூறி நாம் அமைதியடைந்து விடலாமா? காரணம் அவ்வளவு எளிதன்று.

ஐயம் பிறக்கும் இடம்

ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த எவன்ஸ்-பிரிச்சர்டு என்னும் ஆங்கில மானிடவியலறிஞர், 1937-இல் வெளியிட்ட நூலில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். தானியக் களஞ்சியத்தின் நிழலில் சிலர் அமர்ந்திருக்கின்றனர். களஞ்சியம் சரிந்து அவர்கள்மீது விழுகின்றது. அதன் கால்களைக் கறையான் அரித்திருந்தது என்பது அம்மக்களுக்கு நன்கு தெரியும். வெயிலுக்கு ஒதுங்கியே அவர்கள் அங்கு அமர்ந்தனர் என்பதும் தெரியும். ஆனால், 'இந்த மனிதர்கள் அமர்ந்திருந்த இந்த நேரத்தில் அது ஏன் விழவேண்டும்?' என்னும் வினாவுக்குக் கறையான் விடையாகாது. அவ்விடத்தை நிரப்பவே சூனியம் என்னும் விளக்கம் வருகின்றது.

ஆகவேதான் மருத்துவ அறிவு மட்டும் இந்நோயைத் தீர்ப்பதில்லை. 'மலேரியாவால் இறந்தான்' என்று மருத்துவர் கூறினால், 'கொசு எல்லாரையுமன்றோ கடித்தது. என் பிள்ளை மட்டும் ஏன் சாகவேண்டும்?' என்று உள்ளம் எதிர்வினா எழுப்புகின்றது. பட்டம் பெற்றவர் உள்ளத்திலும் இவ்வினா எழுவதை நாம் கண்டிருக்கிறோம்.

பழி யார்மீது விழுகின்றது?

பழி பெரும்பாலும் தொலைவிலுள்ள அந்நியர்மேல் விழுவதில்லை. அருகிலிருப்பவர் மேலேயே, உறவினர் மேலேயே விழுகின்றது. பொறாமையும், பழைய வாய்ச்சண்டையும், தீராத வேலித் தகராறும் அங்கேயன்றோ உள்ளன! அவர்களுள்ளும் எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர் முதலில் அகப்படுகின்றனர். கைம்பெண், பிள்ளையில்லாதவள், தனித்து வாழும் முதியவள், உடன்பிறந்த ஆண்துணையற்றவள் என்போரே பெரும்பாலும் பலியாகின்றனர். பாப்புவா நியூகினியின் சில பகுதிகளில் ஆண்களும் தப்புவதில்லை.

பொருளாசையும் இதில் கலந்துள்ளது. ஜார்க்கண்டின் பழங்குடிச் சமூகங்கள் சிலவற்றில் கணவனை இழந்த பெண்ணுக்கு அவள் உயிரோடிருக்கும் வரையில் நிலத்தின் பயனை நுகரும் உரிமை உண்டு. அவளுக்குப் பின் அந்நிலம் கணவனின் ஆண் பங்காளிகளைச் சேரும். அவளைச் 'சூனியக்காரி' என்று ஊரைவிட்டு விரட்டினாலோ கொன்றாலோ யாருக்கு ஆதாயம் என்பதை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

வறுமையும் ஒரு காரணமாகும். டான்சானியா நாட்டின் மேயாட்டு மாவட்டத்தில் எட்வர்டு மிகேல் என்னும் பொருளியலறிஞர் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. கடும் வறட்சியோ பெருவெள்ளமோ வந்த ஆண்டுகளில், சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட முதிய பெண்களின் எண்ணிக்கை ஏனைய ஆண்டுகளைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு என்று அவர் கண்டார். பிற கொலைகள் அவ்வாறு கூடவில்லை. கொன்றவர்களுள் பலர் அப்பெண்களின் உறவினரே! கலயத்தில் கூழ் குறையும்போது, 'உண்ணும் வாய்களுள் ஒன்று குறையலாம்' என்னும் கொடிய எண்ணம் சூனியப் பழி என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகின்றது.

ஐயம் கொலையாவது எப்படி?

உள்ளத்தில் ஐயம் கொண்டோர் அனைவரும் கொலைசெய்வதில்லை. ஐயத்துக்கும் கொலைக்கும் இடையே சில படிகள் உள்ளன.

முதற்படி, குறி சொல்பவன். ஜார்க்கண்டில் இவனை 'ஓஜா' என்பர். பாப்புவா நியூகினியில் 'கிளாஸ்மன்' என்பர். மங்கலாக இருந்த ஐயத்துக்கு இவன் ஒரு பெயரைத் தருகின்றான். அதற்குக் கூலியும் பெறுகின்றான். அவன் கூறும் பெயர் பெரும்பாலும் கேட்க வந்தோர் நெஞ்சில் முன்னமே இருந்த பெயர்தான்.

அடுத்த படி, வாக்குமூலம். பழிசுமத்தப்பட்டவளை அடித்தும் சுட்டும் வதைக்கின்றனர். வேதனை தாங்காமல் 'ஆம்' என்கிறாள். அந்த 'ஆம்' என்னும் சொல்லே சான்றாகி விடுகின்றது. 'உன்னோடு கூடியவர் யார்?' என்று மேலும் வதைத்தால், வாயில் வந்த பெயரைக் கூறுகின்றாள். ஒருத்திமேல் எழுந்த பழி பலர்மேல் படர்கின்றது.

மூன்றாம் படி, கூட்டம். தனியொருவனாகச் செய்யத் துணியாததை மனிதன் கூட்டத்தோடு செய்வான். தான் கொலை செய்வதாக அவன் எண்ணுவதில்லை. ஊரைக் காப்பதாகவே எண்ணுகிறான். மாற்றுக்கருத்துடையவர் வாய் திறப்பதில்லை. 'அவளுக்காகப் பரிந்து பேசும் நீயும் அவள் கூட்டமோ?' என்று கேட்டுவிடுவார்கள் என்னும் அச்சமே காரணம். பின்னர் காவல்துறையினர் வந்தால், ஊர் முழுவதும் கண்டது யாதுமில்லை என்கின்றது. நல்லோரின் மௌனமே இக்கொலைகளுக்குக் காவலாக நிற்கிறது.

நம் திருச்சபை வரலாற்றில்

பிறரைச் சுட்டிக்காட்டும் நாம் நம் வரலாற்றையும் மறைத்தலாகாது. பத்தாம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட திருச்சபை ஒழுங்குமுறை ஒன்று, பெண்கள் இரவில் வானில் பறந்து செல்கின்றனர் என்பது வெறும் மயக்கமே என்றும், அதை நம்புவது விசுவாசத்துக்கு மாறானது என்றும் கூறியது. அத்தெளிவு பிற்காலத்தில் மங்கிற்று. 1484-இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் விடுத்த மடலும், 1486-இல் ஹைன்ரிக் கிராமர் என்னும் துறவி எழுதி வெளிவந்த நூலும் சூனியக்காரிகளைத் தேடும் வேட்டைக்குத் துணைநின்றன. அடுத்து வந்த காலத்தில் கத்தோலிக்கர், சீர்திருத்த சபையினர் என்னும் வேறுபாடின்றி, ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது வரலாற்றறிஞரின் மதிப்பீடு. பஞ்சமும், கொள்ளை நோயும், போரும் வாட்டிய காலங்களிலேயே இவ்வேட்டை உச்சமடைந்தது.

அந்த இருளில் ஒளியேற்றியவரும் திருச்சபையின் மைந்தரே. ஸ்பெயின் நாட்டின் விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அலொன்சோ தெ சலசார் என்னும் குரு, 1611-இல் ஊர் ஊராகச் சென்று ஏறக்குறைய 1,800 பேரிடம் விசாரித்தார். சூனியம் நிகழ்ந்ததற்கு ஒரு சான்றும் அவருக்குக் கிட்டவில்லை. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பின்னரே ஊர்களில் சூனியக்காரிகள் தோன்றினர் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். 1614-இல் அம்மன்றம் அவர் கருத்தைத் தழுவிப் புதிய விதிகளை வகுத்தது.

ஜெர்மனியில் இயேசு சபைக் குருவும் ஞானப்பாடல்கள் பல இயற்றிய கவிஞருமான பிரடெரிக் ஸ்பே, 1631-இல் தம் பெயரை மறைத்து ஒரு நூலை வெளியிட்டார். விசாரணைகளின் கொடிய தருக்கத்தை அவர் தோலுரித்துக் காட்டினார். பழிசுமத்தப்பட்டவள் தீய வாழ்வு வாழ்ந்திருந்தால் அதுவே சான்று. நல்வாழ்வு வாழ்ந்திருந்தால், சூனியக்காரிகள் நல்லவர்போல் நடிப்பது வழக்கமாதலால் அதுவும் சான்று. அவள் அஞ்சினால் குற்றவாளி, அஞ்சாவிட்டாலும் குற்றவாளி! அவ்விதமாக வதைத்தால் ஆயர்களையும் குருக்களையும் கூட ஒப்புக்கொள்ளச் செய்யலாமே என்று அவர் வாதிட்டார். நோயுற்ற போர்வீரருக்குப் பணிவிடை செய்கையில் தாமும் தொற்றுநோய் கண்டு 1635-இல் டிரியர் நகரில் உயிர்நீத்தார். மெய்ம்மையின் பெயரால் வன்முறையைக் கையாண்ட பாவத்துக்காக, 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் சார்பில் இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார்.

இன்றைய முயற்சிகள்

பாப்புவா நியூகினியில் 1971-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம், கொலையாளி தன் குற்றத்தின் கடுமையைக் குறைத்துக்கொள்ளச் சூனிய நம்பிக்கையைக் காரணம் காட்ட இடந்தந்தது. 2013-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. குறிசொல்லிப் பிறர்மேல் பழிசுமத்துவோரைத் தண்டிக்க 2022-இல் வழிவகை செய்யப்பட்டது. அந்நாட்டின் மெண்டி மறைமாவட்டத்தில் பணிபுரியும் சுவிட்சர்லாந்து நாட்டு பிரான்சிஸ்கன் அருட்சகோதரி லொரெனா ஜெனால், வதைக்கப்பட்ட பெண்களை மீட்டு, அடைக்கலம் தந்து, அவர்கள் காயங்களை ஆற்றி வருகின்றார். கொலைவெறி கொண்ட கூட்டத்தாரிடமும் பேச்சுவார்த்தை நடத்துகின்றார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஆம் நாளைச் சூனியப் பழிக்கு எதிரான நாளாக அனுசரிக்கும் வழக்கம் 2020 முதல் நடைமுறையில் உள்ளது. ஐ.நா. மனித உரிமை மன்றமும் 2021 ஜூலையில் இதைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. 2024 செப்டம்பரில் அந்நாட்டுக்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், மக்கள் உள்ளங்களினின்று அச்சத்தையும் மூடநம்பிக்கையையும் மாந்திரீகத்தையும் அகற்றுமாறு வானிமோ நகரில் வேண்டினார்.

நம் நாட்டில் பீகார் 1999-லும், ஜார்க்கண்டு 2001-லும், அசாம் 2015-லும் சட்டம் இயற்றின. ஆயினும் பாதிக்கப்பட்டவரே எழுந்து நின்றபோதுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது. தாமே சூனியக்காரி என்று பழிக்கப்பட்டு வீட்டைத் துறந்த ஜார்க்கண்டின் சுட்னி மகாதோவும், அசாமின் பிருபாலா ராபாவும் பல பெண்களைக் காப்பாற்றினர். 2021-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நற்செய்தி காட்டும் வழி

சூனியக்காரியை உயிரோடு விடலாகாது என்னும் பொருள்படும் ஒரு விதி யாத்திராகமத்தில் உள்ளதே என்று சிலர் கேட்பர். பழைய ஏற்பாட்டைக் கிறிஸ்துவின் ஒளியிலேயே நாம் படிக்க வேண்டும். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், 'பாவம் செய்தவர் யார்? இவனா, இவன் பெற்றோரா?' என்னும் கருத்தில் கேட்டதை அருளப்பர் எழுதியுள்ளார். 'யார்?' என்னும் அவ்வினாவை ஆண்டவர் ஏற்கவில்லை. குற்றவாளியைத் தேடாமல், துன்புறுபவனில் இறைவனின் செயல் விளங்கவேண்டும் என்றார், உடனே குணமளித்தார். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டபோதும், மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று தெளிவாகக் கூறினார்.

இன்னும் ஒன்று உண்டு. பேய்களின் தலைவனைக் கொண்டு பேயோட்டுகிறான் என்னும் பழி ஆண்டவர் இயேசுவின் மேலேயே சுமத்தப்பட்டது. மக்கள் அனைவருக்காகவும் ஒருவன் சாவது நலம் என்று தலைமைக்குரு கைப்பாஸ் முடிவு கட்டினார். சூனியப் பழி தாங்கிக் கூட்டத்தின் நடுவே நிற்கும் பெண்ணின் இடத்தில் நம் ஆண்டவர் முன்பே நின்றிருக்கிறார். அவள்மேல் கல்லெறிபவன் சிலுவையை வணங்குவதால் யாது பயன்?

நம் இல்லங்களில்

நம் பங்குகளில் இத்தகைய கொலைகள் இல்லை என்று நாம் ஆறுதலடையலாம். ஆனால் விதை இல்லையா? மாடு செத்தால், மகளின் திருமணம் தட்டிப்போனால், 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்னும் பேச்சு நம் வீடுகளிலும் எழத்தானே செய்கின்றது! ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கியவர் செவ்வாய்க்கிழமை மைபோட்டுப் பார்க்கச் செல்வதும், 'வைப்பு' எடுப்பவனுக்கு ஆயிரக்கணக்கில் அழுவதும் நாம் அறியாததன்று. அவன் பெயரைச் சொல்லாமல், 'உங்கள் வீட்டுக்குத் தென்புறத்தில் உள்ள ஒரு பெண்' என்பான். அன்று முதல் அண்ணன் மனைவியோடு பேச்சில்லை. ஓரகத்தி கொடுத்த பலகாரம் குப்பைக்குப் போகும். பிள்ளைகள் பெரியம்மாவின் வாசலை மிதிக்கலாகாது. இரத்தம் சிந்தப்படவில்லையாயினும் ஒரு குடும்பம் செத்துவிட்டது.

ஆகவே சிலவற்றைக் குடும்பத் தலைவர்களிடமும் தலைவியரிடமும் வேண்டுகிறோம். நோய் வந்தால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். நோயின் பெயரையும் காரணத்தையும் கேட்டறிந்து, வீட்டார் அனைவருக்கும் சொல்லுங்கள். நோயாளிக்கு நோயில்பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தைப் பெற்றுத் தரத் தயங்காதீர்கள். குறி கேட்பது இறைவனின் முதற்கட்டளைக்கு எதிரான பாவம் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். துக்க வீட்டில் யாரேனும் ஒரு பெண்ணின் பெயரைக் கிசுகிசுத்தால், 'அப்படிப் பேசாதே' என்று அங்கேயே தடுத்துவிடுங்கள். பழி முளைவிடும் இடம் அதுதான். அங்கே ஒருவர் துணிந்து சொல்லும் சொல் பெருந்தீமையைத் தடுக்கும். பங்கின் பக்த சபையினர் சாவு வீட்டுக்கு முதல் நாள் சென்று வருவதோடு நின்றுவிடாமல், முப்பதாம் நாள் வரையிலும் சென்று உடனிருப்பார்களாக. தனிமையில் விடப்படும் துயரமே பழியாளியைத் தேடுகின்றது.

நம் தெருக்கோடியில் தனித்து வாழும் முதியவள் ஒருத்தி இருப்பாள். பிள்ளைகள் அவளைக் கண்டு அஞ்சுவார்கள். பெரியவர்கள் அவள் எதிரே வந்தால் முகஞ்சுளிப்பார்கள். இவ்வாரம் அவள் வீட்டுக்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவளோடு அமர்ந்து, அவள் தரும் தண்ணீரை வாங்கிப் பருகுங்கள்.