மூச்சு முட்டுவது வாயுவாலா, பயத்தாலா?

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதற்கான பக்கம் இன்று மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். பதற்றக் கோளாறு பற்றி வந்த கடிதங்களைப் பிரித்தால், வடசென்னையில் காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கேள்வி ஒன்றுதான்: "நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது. ஈசிஜி நார்மல்னு அனுப்பிட்டாங்க. இது கம்பெனிக் காத்தா, என் பிரமையா?" மனநோய்க்கு வெட்கப்படக் கூடாது என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன். எழுதியவர்கள் அதையெல்லாம் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.

அடையாறு வாசகருக்கு இந்தச் சந்தேகம் வராது. இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் கிராமத்தெருவில் ஒரு தனியார் பள்ளியில் 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறலும் வாந்தியும். நவம்பர் 4 அன்று பள்ளியைத் திறந்ததும் மறுபடி சிலருக்கு அதே கதி. சோதிக்க வந்தவர்கள் வாயுவின் தடயம் இல்லை என்றார்கள்.

இப்படி ஏதாவது நடந்தால் அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது, காற்று 'வரம்புக்குள்' இருக்கிறது என்பது. வரம்பு என்ன என்று பார்ப்போம். வெளிக்காற்றில் அம்மோனியாவுக்கு 2009-இல் வைத்த அளவு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். ஆனால் அது 24 மணி நேரச் சராசரி. ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு பத்து நிமிடம் வரம்பைப் போல நூறு மடங்கு அம்மோனியா வீசி, மிச்ச நேரமெல்லாம் காற்று சுத்தமாக இருந்தாலும் அன்றைய சராசரி வரம்பைத் தாண்டாது. கணக்கில் பிசகில்லை. அந்தப் பத்து நிமிடமும் அங்கே நின்று மூச்சு விட்டவருக்குத்தான் அது பொருந்தவில்லை.

மருத்துவ வரையறையிலும் இதே சிக்கல். உண்மையான ஆபத்துக்கு மீறிய பயம், பொதுவாக ஆறு மாதமாவது நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுத்தால் அது கோளாறு என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு. நல்ல வரையறைதான். ஆனால் எண்ணூரில் உண்மையான ஆபத்து எவ்வளவு என்று அளந்து சொல்லப்போவது யார்? அதைக் கம்பெனியிடம் விட்டால் நம் ஊரில் பாதிப்பேர் நோயாளிகள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரு வாசகி எழுதுகிறார்: கசிவு நடந்த இரவிலிருந்து தினமும் படுக்கும் முன் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணிக்கிறார். மே மாதப் புழுக்கத்திலும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வாசம் பட்டாலே நெஞ்சு அடைக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. "வாயு இல்லேன்னு எனக்கே தெரியுது சார், உடம்புக்குத் தெரியல."

உடம்புக்குத் தெரியாததற்கு விளக்கம் பெல்ஜியத்தில் கிடைக்கிறது. லூவன் பல்கலைக்கழகத்தில் ஓமர் வான் டென் பெர்க் குழுவினர் 1990-களில் ஒரு சோதனை செய்தார்கள். கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசித்தால் யாருக்கும் மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும். அந்தக் காற்றோடு ஒரு வாசனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சில தடவை கழித்து கரியமில வாயுவை எடுத்துவிட்டு வாசனையை மட்டும் விட்டார்கள். காற்று சாதாரணக் காற்றுதான்; ஆனாலும் அதே மூச்சு வாங்கல், அதே இறுக்கம். அதுவும் நறுமணத்துக்கு அல்ல, துர்நாற்றத்துக்கு மட்டும். அவர்கள் பயன்படுத்திய நாற்றங்களில் ஒன்று, நீர்த்த அம்மோனியா. எண்ணூரில் ஒரே இரவில் நடந்ததை அங்கே ஆய்வகத்தில் செய்து பார்த்த மாதிரி இருக்கிறது.

அதாவது உடம்பு பொய் சொல்லவில்லை. ஒரு தடவை நிஜமாகவே திணறியதால், அந்த வாசனைக்குத் திணறப் பழகிவிட்டது. பூனை ஏறி உட்கார்ந்தாலே அலறும் பைக் அலாரம் போல. பிறகு நடப்பது சங்கிலி. காற்று போதவில்லை என்று வேக வேகமாக மூச்சை இழுக்கிறோம். ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால் தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. 'ஐயோ, போச்சு' என்று இன்னும் வேகமாக இழுக்கிறோம். உடலின் சாதாரண மாற்றத்தைச் சாவின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதுதான் பீதித் தாக்குதலின் அச்சாணி என்று 1986-இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் எழுதினார். ஈரத்துணி வேலையை முடித்து வைக்கிறது: திணித்ததும் நிம்மதி, ஆகவே நாளையும் திணிக்க வேண்டும். காலடிப்பேட்டையில் மேம்பாலத்தில் ஓடும் மெட்ரோ தண்டையார்பேட்டை வரும்போது தரைக்குக் கீழே இறங்கும் என்பதற்காகவே முன்கூட்டி இறங்கி, பஸ் பிடித்து, தினமும் வேலைக்குத் தாமதமாகப் போகும் இளைஞரின் கதையும் இதுதான்.

மாற்ற முடியுமா? முடியும். அதே பெல்ஜியச் சோதனையில், கரியமில வாயு இல்லாமல் வாசனையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகள் தணிந்தன. சிபிடி எனப்படும் பேச்சுச் சிகிச்சையும் இதைத்தான் செய்கிறது: ஸ்ட்ரா வழியாக மூச்சு விடவைத்து, நாற்காலியில் சுற்றவைத்து, படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குக் காட்டுவார்கள்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். வாசனை வரவேண்டும், வாயு வரக்கூடாது; அப்போதுதான் பழகியது மறக்கும். எண்ணூரில் வாசனையோடு வாயுவும் வந்தால் டாக்டர் கட்டிய சுவர் ஒரே இரவில் இடியும். ஆகவே 'எல்லாம் பயம்தான்' என்று சொல்லும் அதிகாரி, அந்தப் பயத்தைத் தீர்க்கவே காற்றைச் சுத்தமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக. வாயுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண் எரிந்து, தொண்டை காந்தி, பக்கத்து வீட்டாரும் இருமினால் வாயு. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகுங்கள். பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். முதல் தடவை நெஞ்சு வலித்தால்? இதயம்தான் என்று வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேப்பர் பையில் மூச்சு விடலாமா? வேண்டாம். அல்பிரசோலம் மாத்திரை? சீட்டு இல்லாமல் கொடுக்கும் மெடிக்கல் ஷாப்பை நம்பாதீர்கள், அது பழக்கமாகிவிடும். எங்கே போவது? ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416. இன்சூரன்ஸ்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோய்க்கும் உண்டு. ஆனால் பல பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் தரும், பதற்றத்துக்கோ யாரும் படுக்கையில் சேர்வதில்லை.

ஒரு வேண்டுகோள். மூச்சு முட்டும் ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, வாசனை இருந்ததா, கண் எரிந்ததா, தெருவில் வேறு யாருக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நகலைப் புகாரோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பி, அந்தத் தேதிக்கு 24 மணி நேரச் சராசரியை அல்ல, நிமிடவாரி அளவைக் கேளுங்கள்.