நார்வேயில் ஊர் ஊராக

நார்வே நீளமான நாடு. தெற்கே உள்ள தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வடக்கே ட்ரோம்சோவுக்குச் சாலைவழியில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. சென்னை, கன்னியாகுமரி இடையிலான தொலைவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும் தூரம் இது. நடுவே மலைகளும், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் ஃபியோர்டுகளும் குறுக்கிடுகின்றன. வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு ஊர்களுக்கு இடையே படகு ஏறி இறங்கி அரை நாள் போய்விடும். ட்ரோம்சோவுக்கு ரயிலே கிடையாது. ஆகவே ஒரே விடுமுறையில் பல நகரங்களைப் பார்க்க நினைப்பவர்கள், ஊர்களின் பட்டியலைப் போடுவதற்கு முன்பாக மாதத்தை முடிவு செய்தாக வேண்டும். மாதம் முடிவானால் பாதித் திட்டம் தானாக அமைந்துவிடும்.

காரணம், அங்கே மாதத்துக்கு மாதம் பகலின் நீளம் மாறுகிறது. டிசம்பர் கடைசியில் ஓஸ்லோவிலும் பெர்கனிலும் ஏறத்தாழ 6 மணி நேரமே பகல். ட்ரொண்ட்ஹெய்மில் நாலரை மணி நேரம். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலநிற அந்தி வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். மே இருபது வாக்கில் தொடங்கி ஜூலை இருபது தாண்டும் வரை இதற்கு நேர்மாறு: சூரியன் மறையாது. டிசம்பரில் ஐந்து நகரங்களைச் சுற்றத் திட்டமிடுபவர், புகழ்பெற்ற மலைக்காட்சிகள் கடந்து போகும்போது ரயில் ஜன்னலில் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

பனியும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், துருவ ஒளியும் தெரிய வேண்டும் என்றால் மார்ச் மாதத்துக்கு இணையில்லை. மார்ச் 20-ஐ ஒட்டி நாடு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம் ஆகிவிடுகிறது. வடக்கிலும் மலைகளிலும் பனி அப்படியே கிடக்கிறது. இரவும் போதிய அளவுக்கு இருட்டாக இருக்கிறது. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது: புனித வியாழனிலிருந்து திங்கள் வரை கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், உள்ளூர்க்காரர்கள் மலைக்குடில்களுக்குப் போய்விடுவார்கள், ரயில் இருக்கை கிடைப்பதும் சிரமம். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களும் இப்படித்தான். ஜூன், ஜூலை நடைப்பயணத்துக்கும் ஃபியோர்டு படகுக்கும் ஏற்ற காலம் என்றாலும் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். துருவ ஒளியைப் பார்க்க வழியே இல்லை. அக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும் கட்டணங்கள் இறங்குகின்றன. பனியும் இல்லாமல் பகலும் இல்லாமல் மழை மட்டும் பெய்யும் காலம் அது என்பதால்தான் அந்தச் சலுகை.

குளிரைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் அளவுக்கு மீறியது. வட அட்லாண்டிக் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பத்தால் நார்வேயின் கடற்கரைத் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஜனவரியில் ட்ரோம்சோவின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பெர்கனில் அது பூஜ்யத்துக்குச் சற்று மேலே. உண்மையான கடுங்குளிர் உள்நாட்டில் இருக்கிறது. 1886-ல் வடகோடியிலுள்ள கராஷோக்கில் பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் அந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை. பெர்கனில் வருத்துவது குளிரைவிட ஈரம்: ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. காற்றோடு வரும் அந்த மழையில் குடை நிற்காது. தலைமூடியுள்ள மழைச்சட்டைதான் உதவும்.

பத்து அல்லது பன்னிரண்டு நாள் விடுமுறைக்கு மூன்று நகரங்கள் போதும்: ஓஸ்லோ, பெர்கன், ட்ரோம்சோ. நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் பெட்டியைக் கட்டிப் பிரிப்பதிலேயே ஒரு பகல் கழியும். சென்னையிலிருந்து ஓஸ்லோவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாகவோ, ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ போக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஷெங்கன் பகுதி நகரத்தில் விமானம் மாறினால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடந்துவிடும். அதற்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட்டுப் பயணச்சீட்டு வாங்குவது பாதுகாப்பு.

ஓஸ்லோவுக்கு இரண்டு இரவுகள் ஒதுக்கலாம். கார்டெர்மோன் விமான நிலையம் நகரிலிருந்து 47 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஃப்ளைடோகெட் என்ற தனி விரைவு ரயிலுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. அதே தடத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும், கட்டணமோ பாதிக்குப் பாதி. விளம்பரப் பலகைகள் முதலாவதையே காட்டுகின்றன. இரண்டாவதைப் பயணி தானே தேடிக்கொள்ள வேண்டும். நகரில் 2008-ல் திறக்கப்பட்ட ஓபரா அரங்கின் சாய்வான கூரைமேல் யாரும் ஏறி நடக்கலாம். அதன் அருகில் 2021-ல் திறந்த மூங்க் அருங்காட்சியகம் இருக்கிறது. விகெலாண்ட் சிற்பப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மெட்ரோவில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஹோல்மென்கோலன் பனிச்சறுக்குத் தாவுமேடையை அடையலாம். பழைய வழிகாட்டி நூல்கள் எல்லாம் முதலில் சொல்லும் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் மறுகட்டுமானத்துக்காக 2022-ல் மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரயிலுக்கு ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். இங்கே ரயில்தான் சரியான தேர்வு. 1909-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதை மரங்களே வளராத பனிப் பீடபூமியின் மேல் ஏறிக் கடக்கிறது. 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். அதற்குச் சாலையே இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் இரண்டாவது படத்தில் வரும் பனிக்கிரகம் இந்தச் சுற்றுப்புறத்தில் படமாக்கப்பட்டதுதான். வழியில் மிர்டால் நிலையத்தில் இறங்கி ஃப்ளோம் கிளைப்பாதையில் மாறினால், 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 860 மீட்டருக்கு மேல் இறங்கி ஃபியோர்டின் கரைக்கே போய்ச் சேரலாம். அங்கிருந்து படகு, 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நேரோய்ஃபியோர்டு வழியாகச் செல்கிறது. நீர்வழி சில இடங்களில் 250 மீட்டராகக் குறுகிவிட, இருபுறமும் பாறைச்சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. குட்வாங்கெனில் இறங்கிப் பேருந்தில் வோஸ், அங்கிருந்து மறுபடி ரயிலில் பெர்கன். இதையெல்லாம் சேர்த்து ஒரே சீட்டாக விற்கிறார்கள், தனித்தனியாகவும் வாங்கலாம். ஒரே நாளில் முடிப்பவர்களே அதிகம். ஆனால் ஃப்ளோமில் ஓர் இரவு தங்கினால், படகுத்துறையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை.

ரயில், பேருந்து, படகு நேரங்கள் எல்லாம் என்டூர் என்ற செயலியில் ஒருசேரக் கிடைக்கின்றன. நீண்ட தூர ரயில்களில் குறைந்த விலைச் சீட்டுகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். விற்பனை திறந்ததும் வாங்குபவருக்கும் முந்தின நாள் வாங்குபவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

பெர்கனில் பார்க்க வேண்டியது ப்ரிக்கன் துறைமுக வரிசை. ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள் வடக்கிலிருந்து வந்த கருவாட்டை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பிய இடம் அது. 1979-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மர வீடுகளின் முகப்போடு திரும்பிவிடாமல், இடையிலுள்ள குறுகலான சந்துகளுக்குள் நுழைந்து பார்த்தால்தான் பண்டகசாலைகளின் அமைப்பு புரியும். 1918 முதல் ஓடும் ஃப்ளோய்பானென் இழுவை ரயில் சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரக் குன்றுக்கு ஏற்றிவிடுகிறது. மழை எப்போது விடுகிறதோ அப்போது ஏற வேண்டும். இந்த ஊரில் நாளை என்று எதையும் தள்ளிப்போடக் கூடாது.

பெர்கனிலிருந்து ட்ரோம்சோவுக்கு விமானமே நடைமுறைக்கு ஏற்றது. நாட்கள் தாராளமாக இருப்பவர்களுக்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று, 1893-ல் தொடங்கிய கடற்கரைக் கப்பல் சேவை: பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்வது. மற்றொன்று, ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து போடோ வரை 729 கிலோமீட்டர் ஓடி, வழியில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் ரயில். அதற்கு மேல் வடக்கே போக பேருந்தோ படகோ விமானமோதான்.

ட்ரோம்சோவில் நான்கு இரவுகளாவது தங்க வேண்டும். துருவ ஒளிக்கு முதல் எதிரி மேகம். சூரியனிலிருந்து வரும் துகள்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வானம் மூடியிருந்தால் எதுவும் தெரியாது. ஒரே இரவை நம்பிப் போவது சூதாட்டம். நார்வே வானிலை ஆய்வு நிறுவனத்தின் இலவசச் சேவையான ‘ஒய்.ஆர்.’ மணிக்கு மணி முன்கணிப்பு தருகிறது. நல்ல வழிகாட்டிகள் அதைப் பார்த்து, மேகமில்லாத பக்கமாக, சில இரவுகளில் ஃபின்லாந்து எல்லை வரையிலும்கூட, வண்டியைச் செலுத்துகிறார்கள்.

உடைக்கு அங்குள்ளவர்கள் பின்பற்றும் முறையே போதும்: உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத சட்டை. பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்து உடலைச் சில்லிட வைக்கும் என்பதால் அடியில் அணியக் கூடாது. இங்கேயே விலை உயர்ந்த பெரிய கோட்டு வாங்கத் தேவையில்லை. நாய்ச்சறுக்கு, துருவ ஒளிப் பயணங்களை நடத்துபவர்கள் பலர் கனமான குளிருடையைத் தாங்களே தருகிறார்கள். பயணிகளை வீழ்த்துவது நடைபாதையில் கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டி. காலணியின் அடியில் மாட்டும் சிறு முள்பட்டை மலிவானது, அங்குள்ள கடைகளில் கிடைக்கிறது. முதல் நாளே வாங்கிவிடுவது முதியவர்களுக்கு மிக அவசியம். குளிரில் கைப்பேசி மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைப்பது வழக்கம்.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குள் சுருங்கவிடக் கூடாது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே பதிவு செய்வது விவேகம்.

செலவில் கைகடிக்கும் இடம் உணவகம். நார்வேயின் நாணயம் குரோனே. யூரோ அங்கே செல்லாது. கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அட்டையே போதும். ஓட்டல் வாடகையில் பெரும்பாலும் காலை உணவும் அடங்கியிருக்கும், அதை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ரேமா 1000, கிவி போன்ற மளிகைக் கடைகளில் மற்ற வேளைக்கு வாங்கிக்கொள்வது உள்ளூர் மாணவர்களும் செய்வதுதான். பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. சைவர்கள் சமையலறையுள்ள அறை எடுத்தால் நிம்மதி. ஓஸ்லோவின் குரன்லாண்ட் பகுதியில் தெற்காசிய மளிகைக் கடைகள் உண்டு. இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நாடு இது. 1980-களில் அவர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு பெரும்பாலோர் தெற்கே நகரங்களுக்கு இறங்கினார்கள். அவர்களிலிருந்து வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயரானார்.

திரும்பும் நாளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பனிப்புயலில் வடக்கத்திய விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் குளிர்காலத்தில் சாதாரணம். ட்ரோம்சோவிலிருந்து காலையில் புறப்பட்டு, வேறு சீட்டில் வாங்கிய மாலை விமானத்தை ஓஸ்லோவில் பிடிக்கும் திட்டம் ஒரே ஒரு ரத்தில் சிதறிவிடும். தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி இரவை ஓஸ்லோவில் கழிக்க வேண்டும். அந்த ஓர் இரவு வாடகையை மிச்சப்படுத்தப் பார்ப்பது சிக்கனம் ஆகாது.