மேலவளவு: படுகொலைக்குப் பின் எஞ்சிய தாள்கள்



1997 ஜூன் 30. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஆறு பேர், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் வழியில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாம் வீரவணக்கம் செலுத்துகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தப் படுகொலைக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட தாள்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் நாம் அதிகம் கேட்டதில்லை. இன்றைய உரை அந்தத் தாள்களைப் பற்றியது.

1963 நவம்பர் 22இல் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஏழு வாரங்களில் அவர் மனைவிக்குச் சுமார் 8 லட்சம் இரங்கல் கடிதங்கள் வந்தன. பிற்காலத்தில் பெரும்பகுதி அழிக்கப்பட்டாலும், தேர்ந்தெடுத்த ஒரு பகுதி பாஸ்டன் நகரிலுள்ள கென்னடி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சாதாரண மக்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து படிக்கிறார்கள். முருகேசனும் வாக்குச் சீட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்தான். அவர் வீட்டுக்கு வந்த கடிதங்களுக்கென்று ஒரு நூலகம் எழுப்ப எந்த அரசும் முன்வரவில்லை. ஆகவே அந்த வேலை நம்முடையதாகிறது.

முன்கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மேலவளவு தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்கள் மிரட்டலுக்கு அஞ்சித் திரும்பப் பெற்றார்கள். டிசம்பரில் மீண்டும் அறிவித்த தேர்தலில் வாக்குப்பதிவு வன்முறையால் குலைக்கப்பட்டது. மாதக் கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த மறு வாக்குப்பதிவில் முருகேசன் வென்றார். வென்றும் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அவரை விடவில்லை. எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு குறித்துக் கேட்கத்தான் அன்று அவர்கள் ஆட்சியர் அலுவலகம் போனார்கள்.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் தாள் உண்டு. அவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் படிக்கலாம்.

முதல் வகை, அலுவலகப் பதிவுகள். வேட்புமனு ஒன்று திரும்பப் பெறப்பட்டால், பதிவேட்டில் 'திரும்பப் பெறப்பட்டது' என்றுதான் நிற்கும். முந்தின இரவு யார் வாசலில் வந்து நின்றார்கள், என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதற்கு அதில் இடம் கிடையாது. நூறு ஆண்டு கழித்து அந்தப் பதிவேட்டை மட்டும் படிப்பவருக்கு, போட்டியிட ஆள் இல்லாத ஊர் என்றே தோன்றும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை பத்து ஆண்டுகள் தேர்தலை முழுமையாக நடத்த முடியாமல் போன கதையும் வெறும் பதிவேட்டில் அப்படித்தான் தெரியும்.

இரண்டாவது, வழக்குத் தாள்கள். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு. மேலவளவு வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. தண்டனை பெற்றவர்களில் 3 பேர் 2008இலும், 13 பேர் 2019 நவம்பரிலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். குற்றம் எப்படி நடந்தது என்பதைத் தீர்ப்பு சொல்லும். மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சேலத்துக்குச் சாட்சி சொல்லப் போனவர் எத்தனை நாள் கூலியை இழந்தார், திரும்பி வந்து எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனார் என்பதை அது சொல்லாது.

மூன்றாவது வகையில்தான் அது இருக்கிறது: மனுவின் நகல், பதிவுத் தபால் ரசீது, வெளியூரிலிருக்கும் மகனுக்கு எழுதிய இன்லேண்டு கடிதம், நாட்குறிப்பு, வக்கீலுக்கு எழுதிய சீட்டு. இவை நம் வீடுகளில் கிடப்பவை. ஒரு மனு நகலில் தேதியும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் இருந்தால், 'எங்களுக்குத் தகவல் வரவில்லை' என்று எந்த அதிகாரியும் தப்ப முடியாது. படுகொலைக்கு முன்னால் எழுதிய ஒரு பாதுகாப்பு மனு, படுகொலைக்குப் பின் வரும் எல்லா அறிக்கைகளையும் விடக் கனமானது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2020 அக்டோபரில் புவனகிரி அருகே தெற்குத் திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட புகைப்படம் வெளிவந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. எந்த ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்திலும் யார் நாற்காலியில் இருந்தார், யார் தரையில் இருந்தார் என்று எழுதும் வழக்கம் இல்லை; தலைவரின் கையெழுத்து மட்டும் இருக்கும். அந்த ஒரு படம் இல்லையென்றால் அவர் தலைமை தாங்கிக் கூட்டம் நடத்தினார் என்றே வரலாறு பதிவாகியிருக்கும்.

இந்த மண்ணுக்கு ஆவணத்தின் அருமை புதிதல்ல. சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். காட்டுமன்னார்கோயிலின் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, நாடெங்கும் தீண்டாமையைப் பதிவுசெய்து 1969இல் அறிக்கை தந்தது. அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழின் எழுத்துகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து நூலாக வந்ததற்கும், அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் காத்ததே காரணம்.

நமக்குக் கரையானோடு கடலும் பகை. 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம். தாழ்வான இடத்தில் இருக்கும் சேரியில்தான் தண்ணீர் முதலில் ஏறும். டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டாவும் சாதிச் சான்றும் மனு நகலும் ஒரே இரவில் கூழாகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில.

ஒன்று, வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உரிமை. 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு இதைச் சொல்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதிய பின் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் சட்டம். 4ஆம் பிரிவைப் பாருங்கள். தலித் ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணிசெய்ய விடாமல் தடுப்பது அதே திருத்தத்தின் 3(1)(எம்) பிரிவின்படி தனிக் குற்றம். இதை நிறுவத் தேதியிட்ட தாள்தான் வேண்டும்.

இரண்டு, எந்த மனுவையும் ஒரே பிரதியாகக் கொடுக்காதீர்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் இருவருக்கு அன்றே அனுப்பி வையுங்கள்.

மூன்று, தாளின் பின்புறம் எழுதாதீர்கள். தனிச் சீட்டில் யார், எந்த ஊர், எந்த நாள், யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம். பசை நாளடைவில் தாளைக் கெடுக்கும்.

நான்கு, இதுவே முக்கியம். கடிதம் அந்தக் குடும்பத்தினுடையது. கணவனை இழந்த பெண் எழுதியதை அவர் அனுமதியில்லாமல் மேடையில் படிக்க நமக்கு உரிமையில்லை. சாட்சியின் பெயரும் முகவரியும் வெளியானால் அவர் உயிருக்கே ஆபத்து வரலாம். மூல ஆவணம் வீட்டிலேயே இருக்கட்டும், நாம் படியெடுத்துக்கொள்வோம். எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்று அவர்களே சொல்லட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். தாத்தாவிடமோ ஆயாவிடமோ அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளாக எடுத்து, இது எப்போது எழுதியது, எதற்காக எழுதியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது எழுதிக்கொள்ளுங்கள். மழை தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.