பட்டியலில் பெயர் இல்லை என்று கணினி சொன்னால்

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயர் எத்தனை இடங்களில் பதியப்பட்டிருக்கும்? செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமல்போனோர் அலுவலகம் என்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இத்தகைய பட்டியல்களை ஒப்பிட நான் பைதன் என்ற கணினி மொழியைப் பயன்படுத்துகிறேன். அது எப்படித் தேடுகிறது என்பதை உறவுகளும் அறிந்திருப்பது நல்லது.

பைதனில் 'இன்' என்றொரு சிறு சொல் உண்டு. 'இந்தப் பெயர் இதற்குள் இருக்கிறதா?' என்று அது கேட்கும். விடை 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்'. அதாவது, உண்டு அல்லது இல்லை.

பெயர்களை 'லிஸ்ட்' ஆக வைத்தால், பதிவேட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டுவதுபோல ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் செல்லும். பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. அந்த அளவிலான இரு பட்டியல்களை இப்படிப் பார்த்தால் 40 கோடி ஒப்பீடுகள் வரை தேவைப்படலாம்.

'டிக்ஷனரி' அப்படியல்ல. அதில் ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு திறவுச்சொல் இருக்கும். திறவுச்சொல்லிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, அது இருக்கவேண்டிய இடத்துக்கே பைதன் நேரே போய்விடும். ஆனால் 'இன்' திறவுச்சொற்களை மட்டுமே பார்க்கும். அடையாள அட்டை இலக்கத்தைத் திறவுச்சொல்லாக வைத்துவிட்டுப் பெயரைக் கேட்டால், பெயர் உள்ளே இருந்தாலும் 'இல்லை' என்றே விடை வரும். பெயரைத் தேடுவதென்றால் 'வேல்யூஸ்' என்று தனியே கேட்கவேண்டும்.

இன்னொரு சிக்கல் எழுத்தில் இருக்கிறது. யோகராசாவும் யோகராஜாவும் எங்களுக்கு ஒருவர், பைதனுக்கு இருவர். பெயரின் பின்னால் ஓர் இடைவெளி கூடினாலும் பொருந்தாது. 'யோ' என்பதிலுள்ள உயிர்க்குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றவேண்டும்.

அடையாள அட்டை இலக்கம் பெயரைவிட உறுதியானது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட சிறுவர்களுக்கு அட்டையே இருந்திராது. அவர்களைப் பிறந்த திகதி, தாயின் பெயர், கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றைச் சேர்த்தே தேடவேண்டும்.

ஆகவே, 'இல்லை' என்று கணினி சொன்னால், கேட்ட அதே எழுத்து வடிவம் அந்தக் கோப்பில் இல்லை என்பதே அதன் பொருள். ஆள் பதியப்படவில்லை என்பதல்ல. பெயர் எழுதப்பட்ட எல்லா வடிவங்களையும், ஒவ்வொரு முறைப்பாட்டின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். 'பட்டியலில் இல்லை' என்று எவராவது சொன்னால், எந்த எழுத்தில் தேடினீர்கள் என்று கேளுங்கள்.