தோலுக்கு ஏழு, ஆளுக்கு இரண்டு!

அமிர்தி என்றதும் வேலூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அருவியும் விலங்குக் காட்சிசாலையும்தான். ஞாயிற்றுக்கிழமை போய்க் குளித்து, கட்டுச்சோறு தின்று திரும்புகிறார்கள். திரும்பட்டும், தவறில்லை. ஆனால் அமிர்திக்கு மேலே நிற்கிறதே ஜவ்வாது மலை, அங்கே வாழும் ஏழைகளுக்குச் சட்டம் என்பது எந்த உருவில் வருகிறது? வனத்துறை ஜீப்பில் வருகிறது. ஆந்திரச் சிறையிலிருந்து சேதியாக வருகிறது. சில வேளை பிணமாகவே வருகிறது!

2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில், செம்மரம் கடத்த வந்தவர்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றனர். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களுள் உண்டு. எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மரம் வெட்டியது மெய்யென்றே வைத்துக்கொள்வோம். மரம் வெட்டியவனுக்கு மரண தண்டனை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எந்த நீதிபதி விசாரித்தார்?

அதற்கு ஒன்பது வாரங்களுக்கு முன்புதான், 2015 சனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உழைத்துக் களைத்து உறங்கிய 10 தொழிலாளர்கள் அந்த நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இனி, தண்டனைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம், தோழர்களே! 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 381ஆம் பிரிவு: வேலைக்காரன் எஜமானன் வசமுள்ள பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 304ஏ பிரிவு: அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை; அல்லது அபராதம் மட்டும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தொழிலாளி முதலாளியின் கிடங்கிலிருந்து ஒரு தோலை எடுத்தால் ஏழு. முதலாளியின் அலட்சியத்தால் தொழிலாளி செத்தால் இரண்டு. ஆட்டுத்தோலுக்கு உள்ள மதிப்பு ஆளுக்கு இல்லை!

மிகைப்படுத்துகிறோம் என்பாரும் இருப்பர். அவர்கள் போபாலைப் பார்க்கட்டும். 1984 டிசம்பரில் நச்சுப் புகைக்கு ஆயிரக்கணக்கானோர் பலியாயினர். 1996இல் உச்சநீதிமன்றம் குற்றச்சாட்டை அதே 304ஏ பிரிவுக்குக் குறைத்தது. 2010 ஜூனில் தீர்ப்பு வந்தது: இரண்டாண்டு! வழக்கு நடந்த காலம் தண்டனைக் காலத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு.

இந்தக் கணக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 304ஏ பிரிவை 1870இல் வெள்ளைக்கார சர்க்கார் சேர்த்தது. எது குற்றம், எதற்கு எவ்வளவு தண்டனை, எவனை முதலில் பிடிப்பது என்றெல்லாம் யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளை ஆராயும் படிப்புக்குத்தான் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டம் என்று பெயர். அந்த மேசையைச் சுற்றி தோல் பதனிடுவோரின் பிள்ளையோ மலைமக்களின் பிள்ளையோ என்றைக்காவது உட்கார்ந்ததுண்டா?

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. 'பாரதிய நியாய சன்ஹிதா' என்று பெயர். நம் ஊர் ஏட்டையாவுக்கே வாயில் நுழையாத பெயர்! அலட்சியச் சாவுக்கு இப்போது ஐந்தாண்டு வரை என்று உயர்த்தியிருக்கிறார்கள். நல்லது. எஜமானன் பொருளைத் திருடினால்? அதே ஏழுதான். கூடவே இன்னொன்று: 15 நாள் போலீஸ் காவலை வழக்குக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் துண்டு துண்டாகக் கேட்க வழி செய்துவிட்டார்கள். ஜாமீனுக்கு அலையும் ஏழைக்கு இதன் பொருள் என்ன என்பதைச் சட்டம் கற்றவன்தான் மன்றத்தில் எடுத்துச் சொல்ல முடியும்.

எடுத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி உண்டு. 1992 ஜூனில் சந்தனமரத் தேடுதல் என்ற பேரால் அந்த மலையடிவாரச் சிற்றூரைச் சூறையாடினார்கள்; 18 பெண்களைச் சீரழித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடவில்லை. வழக்கில் நிறுத்தப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 54 பேர் இடையில் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்த்தது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டுகள் அந்த மக்கள் சாட்சிக் கூண்டில் நின்றார்கள். அவர்களுக்காக வக்கீல்களும் சலிக்காமல் நின்றார்கள்.

அத்தகைய வக்கீல்கள் நம் வீடுகளிலிருந்து வர வேண்டாமா? வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்க்கு ஐந்தாண்டு, பட்டதாரிக்கு மூன்றாண்டு. அதற்குமேல் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டத்தையே தனிப் பிரிவாகப் படிக்கலாம். திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் மட்டும் 'கிளாட்' என்ற ஆங்கில நுழைவுத் தேர்வைக் காவல் வைத்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்க்கே அது எளிது.

ஆனால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பிள்ளைகளுக்கு இளநிலைச் சட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடம் உண்டு. இது எத்தனை தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும்? ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிக் கிளைத் தோழர்கள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். அமிர்தித் தோழர்கள் மலையேறிப் போய் எடுக்கட்டும். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்; மலைமக்களுக்கு அது கைக்கு வரத்தான் அதிக நாளாகிறது.