மறைந்திருக்கும் மரபு: உறவுத் திருமணமும் நம் பிள்ளைகளும்



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று வரும் நம் மக்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நல்ல காய்ப்புள்ள ஏலச்செடியின் தூரைப் பிரித்து நட்டால், புதிய செடியும் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும். அதே செடியின் விதையைப் போட்டு நாற்று வளர்த்தால், ஒன்று நன்றாக வரும், இன்னொன்று சோடை போகும். விதை என்பது இரண்டு பங்கு சேர்ந்து உருவாவது. ஒரு பங்கு தாய்ச்செடியினுடையது. மறுபங்கு தேனீ கொண்டு வந்த மகரந்தத்தினுடையது. நம் பிள்ளைகளும் அப்படித்தான். தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் பெற்றுப் பிறக்கிறார்கள்.

இந்தப் பங்கீட்டின் கணக்கை உலகிற்கு முதலில் காட்டியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் பெயர் கிரகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசிலுள்ள பிர்னோ நகரில், அகுஸ்தீன் சபையினரின் புனித தோமையார் மடத்தில் வாழ்ந்த குரு அவர். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டைப் பட்டாணிச் செடியையும் சுருங்கிய பட்டாணிச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டையாக வந்தன. சுருக்கம் அழிந்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால் அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டைகளோடு 1,850 சுருங்கிய மணிகளும் வந்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! சுருக்கம் அழியவில்லை, மறைந்துதான் இருந்தது. 1866-இல் வெளியான அவரது கட்டுரையின் அருமையை, அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1900-இல்தான் அறிவுலகம் உணர்ந்தது.

மனித உடலின் உயிரணுக்களில் 23 இணை நிறப்புரிகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் அடங்கியுள்ளன. பெரும்பாலானவை இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும், பல மரபணுக்களில் மற்றப் பிரதியே வேலையைச் செய்துவிடும். அந்த மனிதர் நலமாகவே வாழ்வார். நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பழுதுகள் மறைந்திருக்கின்றன. ஒரே மரபணுவில் பழுதுள்ள இருவர் மணம் புரிந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தை இரண்டு பழுதான பிரதிகளையும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பிறவிச் செவிட்டுத்தன்மையில் பல வகைகளும், தலசீமியா என்ற இரத்த நோயும் இவ்வழியில்தான் வருகின்றன.

இப்போது நம் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். மாமன் மகளை மணப்பதும், அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதும் நம்மிடையே நெடுங்கால வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பெண்கள் இரத்த உறவில் மணமானவர்கள். தாத்தாவிடம் மறைந்திருந்த ஒரு பழுது, மகன் வழியாகப் பேத்திக்கும், மகள் வழியாகப் பேரனுக்கும் வந்து சேரலாம். அவ்விருவரும் மணந்தால், மறைந்திருந்தது வெளிப்பட வழியுண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அது நான்கில் ஒரு பங்கு. "எங்கள் வம்சத்தில் யாருக்கும் அப்படி நோய் இல்லையே" என்ற பதில் இதனால்தான் போதாது.

எனினும் அச்சம் வேண்டாம். எந்தத் தம்பதியருக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பார்கள். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் தலைமுறை தலைமுறையாக உறவிலேயே மணம் தொடர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

திருமண ஓலை வாசிக்கும் முன் பங்குத்தந்தை, "நீங்கள் உறவா?" என்று கேட்பது வெறும் சடங்கன்று. திருச்சபைச் சட்டம் 1091, பக்க வழியில் நான்காம் படி வரை இரத்த உறவைத் திருமணத் தடையாக வைக்கிறது. மாமன் மகள் நான்காம் படி, அக்காள் மகள் மூன்றாம் படி. ஆயரின் விதிவிலக்கு பெற்றால்தான் இத்திருமணம் செல்லும். விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கும் நாளே, மருத்துவரிடம் மரபியல் ஆலோசனை பெறவும் ஏற்ற நாள். மதுரை போன்ற நகரங்களில் அதற்கு வழியுண்டு. சொத்து வெளியே போகக் கூடாது, உரிமை விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் பேசும்போது, பிறக்கப்போகும் பிள்ளையின் நலனையும் அதே திண்ணையில் பேச வேண்டும்.

குறையுள்ள குழந்தை பிறந்துவிட்ட வீட்டிலோ, பெரும்பாலும் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. "இவள் வந்த நேரம்", "என்ன பாவம் செய்தாளோ" என்கிறோம். மெண்டலின் கணக்கு இதை ஒத்துக்கொள்ளாது. இத்தகைய நோயில் தாயும் தந்தையும் சம பங்கு தந்தவர்கள், இருவருமே அறியாமல் தந்தவர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். அவருமல்ல, அவருடைய பெற்றோருமல்ல என்றே ஆண்டவர் விடை தந்தார்.

ஆகவே, மணம் பேசும் முன் கேட்டறிவோம். பிறந்த குழந்தையின் செவித்திறனைத் தள்ளிப்போடாமல் சோதிப்போம். குறையோடு பிறந்த பிள்ளையையும் அதன் தாயையும் பழி சொல்லாமல் தாங்கிக்கொள்வோம்.