சோறில்லாத இலை: ‘தி மெனு’ படத்தைக் காவிரிக் கரையிலிருந்து பார்த்தால்

‘தி மெனு’ படத்தில் இரண்டாவது அயிட்டமாக பிரெட் தட்டு வரும். தட்டில் பிரெட் இருக்காது. தொட்டுக்கொள்வதற்கான சமாச்சாரங்கள் மட்டும் சொட்டுச் சொட்டாக வைத்திருப்பார்கள். செஃப் ஸ்லோவிக் வந்து காரணம் சொல்வார்: பிரெட் என்பது தானியமும் தண்ணீரும் சேர்ந்தது, காலங்காலமாகச் சாதாரண சனங்களின் சாப்பாடு. நீங்கள் யாரும் சாதாரண சனங்கள் இல்லை. ஆகவே உங்களுக்கு இன்றைக்கு பிரெட் கிடையாது.

பெரும்பாலான விருந்தாளிகளுக்குக் கோபமே வராது. இதில் ஏதோ பெரிய தத்துவம் இருக்கிறது என்று நினைத்து அந்தச் சொட்டுகளை வழித்துச் சாப்பிடுவார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர்கள் இதை ஒரு நொடியில் நம்ம ஊருக்கு மாற்றிப் பார்த்துவிடலாம். தலைவாழை இலை போட்டாச்சு. உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வந்தாச்சு. சாம்பார் வாளியும் வருது. சோறு மட்டும் வரவில்லை. “நீங்கள்லாம் பெரிய மனுஷங்க, உங்களுக்கு எதுக்கு சோறு?” என்று சமையல்காரர் கேட்கிறார். நம்ம கல்யாண வீட்டில் இது தத்துவமாக எல்லாம் போகாது, சம்பந்தி சண்டையாகத்தான் போகும்.

சாப்பாட்டு மேசையை வைத்துச் சிரிக்கவும் பயப்படவும் வைக்கிற இந்த மாதிரிப் படங்கள் எப்படி வேலை செய்கின்றன, சோற்றுக்காகவே புகழப்பட்ட சோழநாட்டிலிருந்து பார்த்தால் அவற்றில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கதையை முழுசாக உடைக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.

இந்த வகைப் படங்கள்

1973இல் மார்கோ ஃபெரேரி ‘லா கிராந்த் பூஃப்’ எடுத்தார். வசதியான நாலு ஆண்கள் ஒரு வீட்டில் கூடி, சாகும்வரை சாப்பிடுவது என்று முடிவு செய்து அப்படியே செய்கிறார்கள். 1989இல் பீட்டர் கிரீனவேயின் ‘தி குக், தி தீஃப், ஹிஸ் வைஃப் அண்ட் ஹெர் லவ்வர்’. உயர்தர பிரெஞ்சு உணவகம் ஒன்றின் முதலாளியான ரவுடி, தினமும் அங்கே உட்கார்ந்து எல்லோரையும் அவமானப்படுத்திக்கொண்டே தின்கிறான். கடைசியில் அவன் மனைவி, அவன் கொன்ற காதலனின் உடலைச் சமைக்கச் சொல்லி அவனையே தின்னவைக்கிறாள். 1991இல் ழுனேயும் காரோவும் எடுத்த ‘டெலிகாட்டெஸன்’. பஞ்ச காலம், தானியம்தான் பணம், ஒரு கசாப்புக்கடைக்காரன் வேலைக்கு வருபவர்களை வெட்டி விற்கிறான்.

‘தி மெனு’ 2022இல் வந்தது. மார்க் மைலாட் இயக்கம், ரேஃப் ஃபைன்ஸ் செஃப். ஹாதார்ன் என்ற உணவகம் ஒரு தனித்தீவில் இருக்கிறது. ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு பேர். ஒரு ஆளுக்கு 1,250 டாலர். படகில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், அதன்பின் திரும்பிப் போக வழி கிடையாது. எழுத்தாளர்களில் ஒருவரான வில் டிரேசிக்கு இந்த யோசனை வந்ததே நார்வேயில் பெர்கன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு உணவகத்துக்குப் போய், சாப்பாடு முடியும்வரை இங்கேயிருந்து கிளம்ப முடியாது என்று உணர்ந்தபோதுதான். படத்தில் வருகிற உணவுகளை வடிவமைத்துத் தந்தவர் டொமினிக் கிரென், சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று மிஷலின் நட்சத்திர உணவகம் நடத்துகிறவர். அதாவது கிண்டல் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே இருக்கிறவர்களே கூட இருந்து செய்தது.

ஃபைன் டைனிங் உலகத்தில் டேஸ்டிங் மெனு என்று ஒன்று உண்டு. அங்கே நீங்கள் எதுவும் கேட்க முடியாது. செஃப் முடிவு செய்ததுதான் வரும், அவர் முடிவு செய்த வரிசையில், அவர் சொல்கிற கதையோடு. சாப்பிடுகிறவருக்கு இருக்கிற ஒரே வேலை வியப்பது. அந்த ஏற்பாட்டை ஒரு அடி கூடத் தள்ளிவைத்தால் போதும், அது திகில் படமாகிவிடும். வெளியே போக முடியாது, அடுத்து என்ன வரும் என்று தெரியாது, பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

நம்ம பந்தியிலும் இந்த மூன்றும் கொஞ்சம் உண்டு, இல்லையா? பக்கத்து இலைக்காரர் முடிக்காமல் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. வரிசையை மாற்றிக் கேட்கக் கூடாது. “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால் ஒரே பதில்தான். விருந்துக்குள் ஒரு சின்ன சிறை எப்பவும் இருக்கு. டெல்டாவில் இதை வைத்துச் சிரித்தவர்களும் நடுங்கியவர்களும் சினிமாவுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கிறார்கள்.

சிரிப்பு: நாகப்பட்டினம் சத்திரம்

15ஆம் நூற்றாண்டுக் கவி காளமேகம், நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்தில் பசியோடு காத்திருந்து பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. அதன் விஷயம் இவ்வளவுதான்: பொழுது சாயும்போதுதான் அரிசியே வந்து சேரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடும், இலையில் ஒரு கரண்டி விழுவதற்குள் விடிவெள்ளி வந்துவிடும். தமிழில் இதைவிடக் கூர்மையான உணவக விமர்சனம் நான் படித்ததில்லை.

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு. கதைப்படி, சத்திரக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, காளமேகம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொன்னாராம். நாட்டில் விளைச்சலே போனாலும் இங்கே அரிசி வரும், இங்கே சமைத்தால் ஊர்ப்பசி அடங்கும், இங்கே போடும் சோற்றின் வெண்மைக்கு முன்னால் வெள்ளியும் நிற்க முடியாது.

‘தி மெனு’வில் லிலியன் புளூம் என்று ஒரு விமர்சகர் வருகிறார். தன் எழுத்தால் எத்தனையோ உணவகங்களை மூடவைத்தவர். சாஸ் திரிந்துபோயிருக்கிறது என்று அவர் குறை சொன்னதும், அதே திரிந்த சாஸைப் பெரிய கிண்ணம் நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பார்கள். விமர்சகருக்கும் சமையல்காரருக்கும் நடுவில் இருக்கிற பயம் காத்தானுக்கும் தெரிந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், காத்தான் கெஞ்சினார், ஸ்லோவிக் பழிவாங்குகிறார். சத்திரத்தில் அதிகாரம் சாப்பிட வந்தவர் வாயில் இருந்தது. தீவில் அது அடுப்படிக்கு மாறிவிட்டது.

நடுக்கம்: திருச்செங்காட்டங்குடி

திருமருகல் பக்கத்தில் இருக்கிற திருச்செங்காட்டங்குடி, சிறுத்தொண்ட நாயனாரின் ஊர். பெரியபுராணத்தில் வருகிற கதை எல்லோருக்கும் தெரியும். தினமும் ஒரு சிவனடியாருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவது என்று விரதம் வைத்திருந்த வீடு. ஒரு நாள் பைரவர் வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் சாப்பிடுவேன் என்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை, வீட்டுக்கு ஒரே பிள்ளை, உடம்பில் குறை இருக்கக் கூடாது, தாய் பிடிக்கத் தகப்பன் அறுக்க வேண்டும், இரண்டு பேரும் மனசில் துக்கம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று நிபந்தனைகளை அடுக்குகிறார். சீராளன் கறியாகிறான். கடைசியில் பிள்ளை உயிரோடு ஓடி வருகிறான். சித்திரைப் பரணியில் அந்த ஊரில் அமுது படையல் இன்றைக்கும் நடக்கிறது.

பக்தர்களுக்கு இது அருளின் கதை. அந்த அர்த்தத்தில் கைவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. விருந்தின் கதையாக மட்டும் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. இங்கே பயங்கரம் விருந்தாளி வழியாக வருகிறது. நிபந்தனை போடுகிறவர் அவர், முகம் மாறாமல் நிறைவேற்ற வேண்டியவர்கள் பரிமாறுகிறவர்கள்.

இன்னொரு சின்ன விவரம். தலையிறைச்சி ஆகாது என்று பெற்றோர் ஒதுக்கிவைக்கிறார்கள். விருந்தாளி அதைத்தான் கேட்கிறார். திகைத்து நிற்கும்போது, கேட்டாலும் கேட்பார் என்று அதையும் தனியாகச் சமைத்து வைத்திருப்பவள் சந்தனத் தாதி, அந்த வீட்டுப் பணிப்பெண். சாப்பிடுகிறவரின் பசி எதுவரை போகும் என்பது அடுப்படியில் நிற்கிறவளுக்கு முதலாளியைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஸ்லோவிக்கின் ஆத்திரமும் அந்த அறிவிலிருந்து வருவதுதான். எதைக் கேட்டாலும் கொடுத்துக் கொடுத்து, தன் சமையலின் சந்தோஷத்தையே தொலைத்தவர் அவர். அவருடைய ஆட்கள் தீவிலேயே வரிசைக் கட்டில்களில் படுத்துக்கொண்டு ராப்பகலாக உழைக்கிறார்கள். உலகத்தை அவர் கொடுக்கிறவர்கள், எடுக்கிறவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறார். தப்பிப்பது மார்கோ ஒருத்திதான், அவளும் காசுக்காக அடுத்தவர்களைச் சந்தோஷப்படுத்தும் தொழிலில் இருப்பவள். “இதெல்லாம் எனக்குப் பசியை அடக்கவில்லை, ஒரு சீஸ்பர்கர் வேண்டும்” என்று கேட்கிறாள். 9.95 டாலர். இளம் வயதில் பர்கர் கடையில் சிரித்துக்கொண்டே நின்ற அந்த மனிதர் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பி வருகிறார். மீதியைப் பார்சல் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு அவள் கிளம்புகிறாள். மற்றவர்கள் இனிப்போடு சேர்த்து எரிகிறார்கள், சமையல்காரர்களும்தான்.

இந்த இடத்தில்தான் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

அறைக்கு வெளியே

ஹாதார்னில் சிப்பி எடுக்கிறவரும் கீரை பறிக்கிறவரும் சமைக்கிறவரும் ஒரே ஆட்கள். ஆகவே கொடுக்கிறவர், எடுக்கிறவர் இருவரும் ஒரே அறைக்குள் அடங்கிவிடுகிறார்கள். டெல்டாவில் அப்படி அடங்காது. இங்கே முதலில் கொடுக்கிறவர் அடுப்படியிலும் இல்லை, பந்தியிலும் இல்லை. வயலில் நிற்கிறார்.

1968 டிசம்பர் 25 இரவு, அப்போதைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 தலித் விவசாயக் கூலிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலம் அது. அதில் இன்னும் அரைப்படி கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் பின்னணி. எதிர்ப்பக்கம் நின்ற மிராசுதார்களின் அமைப்புக்குப் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நெல்லை உற்பத்தி செய்தவர்கள் குடிசைக்குள் இருந்தார்கள். குற்றம்சாட்டப்பட்ட மிராசுதார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு ‘தி மெனு’வின் பிரெட் இல்லாத பிரெட் தட்டைப் பார்த்தால், அந்தக் கிண்டல் எங்கே நின்றுவிடுகிறது என்று புரியும். தானியம் ஏழைகளின் சாப்பாடு என்கிறார் ஸ்லோவிக். அதை விளைவித்தவருக்கு எவ்வளவு அளந்தார்கள் என்ற கேள்விக்குப் படம் போகவே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

படம் வந்தபோது டாலர் ஏறக்குறைய 82 ரூபாய். 1,250 டாலர் என்றால் ஒரு லட்சத்து இரண்டாயிரம் சொச்சம். அந்த வருஷம் (2022–23) சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,040 ரூபாய். அதாவது ஹாதார்னில் ஒரு நாற்காலி சுமார் 50 குவிண்டால் நெல். அறுபது கிலோ மூட்டையில் 83, 84 மூட்டை. நன்றாக விளைந்து ஏக்கருக்கு 40 மூட்டை காண்கிறது என்று வைத்தாலும், இரண்டு ஏக்கருக்கு மேல் ஒரு போகம் முழுக்க ஒருத்தர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகும். பன்னிரண்டு பேருக்கு 25 ஏக்கர். நம்ம கணக்கில் சொன்னால் ஏறத்தாழ நாலு வேலி. அதுவும் செலவு கழிக்காத கணக்கு.

இந்த ஊர் நெல்லே இப்போது நகரத்து மெனு கார்டுகளில் பாரம்பரிய அரிசி என்ற பெயரில் ஏறுகிறது. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தி, விதையை விவசாயிகளுக்குக் கொடுத்து, அடுத்த வருஷம் இரட்டிப்பாகத் திருப்பி வாங்கிப் பரப்பிய ரகங்கள் இவற்றில் உண்டு. அந்தத் தட்டுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. பரிமாறுகிறவர் அதைச் சொல்கிறாரா என்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

டெல்டாவில் இந்த வகைப் படம் ஒன்றை யாராவது எடுத்தால், முதல் காட்சிக்கு என்னிடம் ஒரு இடம் இருக்கிறது: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். குறுவை அறுத்து ஐப்பசி மழைக்கு நடுவில் ரோட்டோரம் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு, நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் கருவி நெல்லைச் சுவைத்துத் தீர்ப்பு சொல்லும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி எடுக்க மாட்டார்கள். டெல்லியிலிருந்து தளர்வு வரும்வரை மறுபடி காயவைக்கணும், வெயில் அடித்தால்.

காளமேகம் அரிசிக்காகக் காத்திருந்தார். இங்கே நெல் ஆளுக்காகக் காத்திருக்கிறது. மழை நிற்காவிட்டால் குவியலிலேயே முளைவிடும்.